திருப்பித் தட்டியவன்

பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்த பிறகும் அந்தக் கார் டக்கென்று பூட்டிக்கொண்டது. நாலு கதவும் ஒன்றாக.

ஜெனோ கையில் ஸ்பேனரோடு அப்படியே நின்றான். கரண்டே இல்லாத வண்டியில் லாக் மோட்டார் எப்படி ஓடும்? எங்கேயாவது மிச்சக் கரண்டு தங்கியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படித் தங்காது என்பது அவனுக்கு நன்றாகவே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். துறைமுகச் சாலையில் டிரெய்லர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அதிர்ந்து போக, உப்பளத்துக் காற்று ஷெட்டுத் தகரத்தைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் மனைவி விஜிலாவைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். இரண்டு பிள்ளை கலைந்துபோய் மூன்றாவதாகத் தங்கியது இது. அதன் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு இந்த வருஷம் வேறு ஆசையே இல்லை. அதற்குள் இந்தச் சனியனை முடித்துத் தொலைத்துவிடலாம் என்று உட்கார்ந்தான்.

ஏரலில் கடை வைத்திருக்கும் விஜயராஜ் விட்டுப்போன வண்டி. வெள்ளத்தில் முங்கிக் கிடந்ததை யாரிடமோ வாங்கினாராம். "நெனச்ச நேரம் பூட்டிக்கிடுது தம்பி. எங்க வீட்டுப் பிள்ளைங்க இதுல ஏறவே மாட்டேங்குதுங்க" என்று காலையில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். போகும்போது வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சாவி போட்டு டிரைவர் கதவைத் திறந்தான். திருகுகளைக் கழற்றி, பேனலின் விளிம்பில் விரலை விட்டு இழுத்தான். கிளிப்புகள் பட் பட்டென்று விட்டுக்கொடுத்தன. உள்ளே ஒட்டியிருந்த பாலித்தீன் தாள் மறுபக்கமாக வியர்த்திருந்தது. அதை உரித்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. கடலோரத்தில் பிறந்தவனுக்குக் கடல் நாற்றமெல்லாம் அத்துப்படி. இது கடல் இல்லை. ஆற்றுச் சேறு, அழுகின வாழைத்தண்டு, அதற்கும் அடியில் சொல்லத் தெரியாத இன்னொன்று. தண்ணீர் வடிகிற ஓட்டைகள் திறந்துதான் கிடந்தன. வெள்ளம் வடிந்து எத்தனையோ வெயில் அடித்த பிறகும் கதவுக்குள் சேறு காயாமல் இருந்தது.

உள்கைப்பிடியின் கேபிளை விடுவித்தான். மறுபடி டக். எந்தக் கதவு முதலில் அடிக்கிறது என்று லாரிச் சத்தத்தில் பிடிபடவில்லை. உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக் கேட்டால்தான் தெரியும்.

"மச்சான், சாவியோட இங்கனயே நில்லு. எங்கயும் போயிராத. தட்டுனா திறக்கணும்."

"ஏலே, நான் எங்கன போகப் போறேன்? நீ வேலையப் பாரு" என்றான் ஹென்றி. விஜிலாவின் அண்ணன்.

ஜெனோவின் அப்பா சங்கு குளித்தவர். முங்குகிறவனின் கயிற்றை மச்சான்தான் பிடிப்பான். தங்கை தாலியறுக்க எவன் சம்மதிப்பான் என்பது கணக்கு. கீழே கயிறு அசைந்தால் மேலே இருப்பவன் பதிலுக்கு அசைப்பான். கேட்டுவிட்டது, தூக்கிவிடுகிறேன் என்று அர்த்தம். பதில் கொடுத்துவிட்டால் தூக்காமல் விடக்கூடாது. ஜெனோ அந்தப் பழக்கத்தை ஷெட்டுக்குக் கொண்டுவந்திருந்தான். கயிற்றுக்குப் பதில் கதவில் இரண்டு தட்டு.

கதவைச் சாத்தினான். சாலைச் சத்தம் சட்டென்று அடங்கியது. கதவின் ஓட்டைக்குள் வலது கையை முழங்கை வரை விட்டு மோட்டாரைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தான். தகரம் ஜில்லென்று இருந்தது, அந்த வெயிலிலும்.

டக். பூட்டிக்கொண்டது.

பிறகு, இரண்டு தட்டு.

ஹென்றிதான் என்று நினைத்தான். யோசிக்கக்கூட இல்லை. பழகின கை. இடது கை முட்டியால் கதவில் இரண்டு தட்டுத் திருப்பித் தட்டினான்.

அப்புறம்தான் தலையை நிமிர்த்திப் பார்த்தான். ஹென்றி சாலைக்கு எதிர்ப்புறம், டீக்கடை நிழலில், போனைக் காதில் வைத்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றான்.

மறுபடி தட்டல். தாழ்வாக. முழங்கால் உயரத்தில். கதவுத் தகரத்துக்கு உட்பக்கம்.

பின் கதவிலும் ஒன்று. அதற்கடுத்த கதவிலும்.

ஓட்டைக்குள் ஏதோ அவன் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. சின்ன விரல்கள். ஊறி மெத்தென்று போன விரல்கள். ஒரு தரம் இழுத்தன, கீழேயிருந்து கயிற்றை இழுப்பதுபோல.

தூக்கு.

ஜெனோ கத்தினான். கையை உருவினான். வரவில்லை. உள்கைப்பிடியை இழுத்தான், கேபிள் இல்லாமல் அது சும்மா ஆடியது. கண்ணாடியை இறக்கும் ஸ்விட்ச். பேட்டரி வெளியே தரையில். காலடியில் ஈரம். கணுக்கால். முழங்கால். பழுப்புத் தண்ணீர்.

இடது முழங்கையால் கண்ணாடியை இடித்தான். எலும்புதான் வலித்தது.

ஹென்றி திரும்பிப் பார்த்தான். ஓடி வந்தான். சாவி உள்ளே போயிற்று, வெறுமனே சுற்றியது. வாயசைப்பு மட்டும் தெரிந்தது. கம்பி எடுக்க ஷெட்டின் பின்பக்கம் ஓடினான்.

தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது.

அப்போதுதான் விஜிலா வந்தாள். ஆஸ்பத்திரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு கை கொடுத்து, மெதுவாக. கண்ணாடியில் வெயில் மினுங்கியிருக்க வேண்டும். கையைப் புருவத்தில் வைத்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

"என்னங்க? உள்ளயா இருக்கிய?"

போ விஜிலா. போயிரு. தண்ணீர் வாய்வரை ஏறியிருந்தது. வாய் நிறையச் சேறு.

தட்டல். இரண்டு. அவன் தட்டவில்லை.

அவள் முகம் தெளிந்தது. கயிறு பிடித்த வீட்டுப் பெண். சிரித்தபடி குனிந்தாள். நிறைவயிறு கதவின்மேல் பதிந்தது. தட்டுவதற்கு விரல்களை மடக்கினாள்.

வேண்டாம். வேண்டாம்.

விஜிலா திருப்பித் தட்டினாள்.

அவன் மணிக்கட்டை விட்டுவிட்டு, அந்தச் சின்ன விரல்கள் தகரத்துக்கு உள்ளே, அவள் வயிறு பதிந்திருந்த இடத்தை நோக்கி ஊர்ந்து போயின.