ஒரு பாராட்டு, ஒரு குறை

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் தண்ணீர் வருகிறதா, வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பார்கள். நான் கை தட்டிப் பார்ப்பேன். அறைக்கு நடுவில் நின்று ஓங்கி ஒரு தட்டு. சத்தம் சுவரில் மோதித் திரும்பி வந்தால் அந்த அறை பாட்டுப் பதிவு செய்ய ஆகாது. இந்தக் காரணத்துக்காகவே நல்ல நல்ல வீடுகளை வேண்டாமென்று சொல்லி மனைவியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் நான்.

அப்படிப் பார்க்கப் போன ஒரு வீட்டில் சமையலறையை ஒட்டி ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை இருந்தது. சாமான் போட்டு வைக்கிற அறை, ஆனால் ஒரு சாமானும் இல்லை. வெறும் தரை, வெறும் சுவர், ஈரத் துணியை வெகுநாள் மூடி வைத்தது போல ஒரு வாடை. கதவைச் சாத்திக்கொண்டு கை தட்டினேன்.

அறை சத்தத்தை அப்படியே விழுங்கிக்கொண்டது.

வெறும் அறையென்றால் கணீரென்று எதிரொலிக்க வேண்டும். போர்வைகளைத் தொங்கவிட்டு, மெத்தையைச் சாய்த்து வைத்து, படாத பாடு பட்டுத்தான் அதை அடக்க முடியும். இங்கே ஒன்றுமே தேவைப்படவில்லை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வீடுதான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். வீட்டுக்காரர் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இவர் எப்பவுமே இப்படித்தானாம்மா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி யாரும் சொல்லலீங்க," என்றாள் அவள்.

எனக்குத் தொழில் மருந்துக் கடை. மெட்டுப் போடுவது வயிற்றுப் பிழைப்புக்காக இல்லை. அதனால் வந்ததெல்லாம் மனைவியின் வயிற்றெரிச்சல்தான். இணையத்தில் எங்களைப் போன்றவர்களுக்கென்று ஒரு குழு உண்டு. அவரவர் சொந்தமாக ஒரு ராகத்தில் பாட்டுக் கட்டி ஞாயிற்றுக்கிழமை ஏற்ற வேண்டும், மற்றவர்கள் கேட்டுவிட்டு எழுத வேண்டும். எழுதுவதற்கு ஒரே விதி: ஒரு பாராட்டு, ஒரு குறை. குறை சொல்லாமல் பாராட்டக் கூடாது. சொன்ன குறையைத் திருத்தி அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி ஏற்ற வேண்டும்.

இந்த விதி வருவதற்கு முன்னால் எல்லாப் பாட்டுக்கும் 'சூப்பர்' என்று மட்டுமே எழுதிக்கொண்டிருந்த ஒரு லாரி டிரைவருக்குச் சூப்பர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. என் பெயர் மாவு. அரைத்த மாவையே அரைக்கிறேன் என்று ஒரு பல் டாக்டர் என் முதல் மெட்டுக்கு எழுதினார், அது அப்படியே ஒட்டிக்கொண்டது. குறை கண்டுபிடிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நாள் முழுக்கச் சொத்தையைத் தேடுகிறவர் இல்லையா.

புது வீட்டில் முதலில் கட்டியது சாருகேசி ராகத்தில் ஒரு மழைப் பாட்டு. பாடியது என் மகள் சிட்டு. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். தேன் குரலென்று பெற்ற வாய்க்குக்கூடச் சொல்ல வராது, ஆனால் பாடாமல் அவளால் பல்கூடத் தேய்க்க முடியாது. குளிக்கும்போது, வீட்டுப் பாடம் எழுதும்போது, கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கும்போதுகூட ஏதாவது முனகிக்கொண்டே இருப்பாள். அந்த வீட்டில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்பதற்கு அந்த முனகல்தான் அடையாளம்.

ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் மின்விசிறியை அணைத்து, ஃப்ரிட்ஜை அணைத்து, வியர்வை வழிய அவளை அந்த அறையில் பாட வைத்தேன். சாயங்காலத்துக்குள் பல் டாக்டர் எழுதிவிட்டார்.

'பாராட்டு: குழந்தைக்குப் பின்னால் ஒரு பெண் ஹம்மிங் கொடுக்கிறாரே, யார் அது? மெய்சிலிர்த்துவிட்டது. குறை: மேல் சட்ஜத்துக்குப் போகும் முன் அவர் மூச்சு எடுத்துக்கொள்ள வேண்டும்.'

நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சிட்டுவின் குரலும் தம்புராவும்தான் இருந்தன. சூப்பரும் எழுதினார், அந்த அக்கா குரலைக் கேட்டு வண்டியை ஓரங்கட்டிவிட்டாராம்.

"கலாய்க்கிறாங்க, அதுகூடத் தெரியலையா?" என்றாள் மனைவி.

இருக்கலாம். ஆனால் அந்தக் குழுவில் சேர்ந்ததிலிருந்து யாரும் என் பாட்டுக்கு மெய்சிலிர்த்ததில்லை. வந்த லட்சுமியை எட்டி உதைப்பானேன் என்று தோன்றியது. என் மனைவிதான் பாடினாள் என்று எழுதிப் போட்டுவிட்டேன். அவளுக்கும் சங்கீதத்துக்கும் ஏழாம் பொருத்தம்.

அடுத்த ஞாயிறு தாளத்தைச் சற்று நிதானமாக்கிச் சிட்டுவை மறுபடி பாட வைத்தேன். வேறு எதையும் நான் தொடவில்லை.

'மூச்சு அழகாகச் சரியாகிவிட்டது,' என்று எழுதினார் பல் டாக்டர். 'குறை: குரல் எங்கேயோ தூரத்திலிருந்து வருகிறது. கிட்ட வரச் சொல்லுங்கள்.'

சொல்கிறேன் டாக்டர் என்று பதில் போட்டேன். இப்போது நினைத்தாலும் அந்த விரலை ஒடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அந்த வாரம் சிட்டுவுக்குத் தொண்டை கட்டியது. தொண்டைக்கு உலகத்தில் என்னென்ன மருந்து உண்டோ அத்தனையும் என் கடையில் உண்டு. எதுவும் கேட்கவில்லை. கரகரத்த குரலிலேயே மூன்றாவது முறையும் பாடினாள். அந்த நேரத்தில் அறைக்குள் ஈர வாடை கூடியிருந்தது.

'இப்போது காதோடு பாடுகிறார்! குறை: குழந்தை குரல் இடைஞ்சலாக இருக்கிறது. எடுத்துவிடுங்கள்.'

எனக்குச் சுருக்கென்றது. யார் குரலை யார் எடுக்கச் சொல்வது? மறுநாள் கடையில் உட்கார்ந்து அவருக்குக் காரமாகப் பதில் எழுதுவதற்காகக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு பாட்டைப் போட்டேன். அதுவரை நான் அதை வீட்டுக்குள் மட்டும்தான் கேட்டிருந்தேன்.

சிட்டு பாடினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி பாடினாள்.

வயது சொல்ல முடியாத குரல். சொற்கள் இல்லை, உதடுகளை மூடிக்கொண்டு பாடுவது போல ஒரு முனகல். சுதி துளி பிசகவில்லை. பாட்டின் உச்சியில் மேல் சட்ஜம் வருவதற்குச் சற்று முன்னால் அது நின்றது. என் காதுக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

நான் திரும்பிப் பார்த்தேன்.

பின்னால் மருந்துப் பெட்டிகள் மட்டும்தான் இருந்தன.

இருமல் மருந்து கேட்டு நின்றவரிடம் கண் சொட்டு மருந்தை எடுத்து நீட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். கடையை இழுத்துச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மனைவி சிட்டுவுக்காக விடுப்பு எடுத்திருந்தாள். கூடத்தில் வைத்து அவளுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினேன். சிட்டுவின் குரல் மட்டும்தான் கேட்டது. கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனேன். ஆளுக்கொரு பக்கம் இயர்போனை மாட்டிக்கொண்டு, நல்ல வெயிலில் தெருவில் நின்றோம்.

அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

ஒரு காலை வாசற்படிக்குள் வைத்தேன். குழாயை மூடியது போல அந்தக் குரல் நின்றது. காலை வெளியே எடுத்தேன். திரும்ப வந்தது.

"யாருங்க இது?" என்றாள் மெதுவாக.

"தெரியலடி."

"நான் பாடினேன்னு எழுதினீங்களே..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். "சிட்டு எங்க?"

உள்ளே ஓடினோம். கூடத்தில் இல்லை, சமையலறையில் இல்லை. அந்த அறையின் கதவு சாத்தியிருந்தது.

திறந்தேன்.

சிட்டு மைக்குக்கு முன்னால் நின்று பாடிக்கொண்டிருந்தாள். வாய் அகலத் திறந்திருந்தது. கழுத்து நரம்பு புடைத்து, வியர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

சத்தமே இல்லை.

மனைவி அவளை வாரி எடுத்துக்கொண்டாள். சிட்டு எங்களைப் பார்த்து ஏதோ சொன்னாள். உதடுகள் மட்டும் அசைந்தன. பிறகு தன் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு அழுதாள், அந்த அழுகையிலும் ஒலி இல்லை.

என் கையில் போன் அதிர்ந்தது. பல் டாக்டர்.

'ஞாயிறுவரை காத்திருக்காமல் இன்றே திருத்திவிட்டீர்களே! குழந்தை குரல் சுத்தமாக இல்லை. இப்போதுதான் பாட்டு.'

நான் எதையும் ஏற்றவில்லை.

உடுத்திய துணியோடு மச்சான் வீட்டுக்குப் போய்விட்டோம். தொண்டை டாக்டர் விளக்கடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே இல்லை என்றார். வீடு மாறினால் சரியாகிவிடும் என்று நம்பினேன், ஆகவில்லை. காலையில் சிட்டு பல் தேய்த்தாள். பிரஷ் உரசும் சத்தம் மட்டும் வந்தது. அதைக் கேட்டுக்கொண்டு குளியலறை வாசலில் நின்று நான் வாய்விட்டு அழுதேன். என் குழந்தையின் குரலை ஒரு பாராட்டுக்காக விற்றுவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அது யார் பேச்சைக் கேட்கிறது என்று யோசித்தேன். மூச்சு எடு என்றால் எடுத்தது. கிட்ட வா என்றால் வந்தது. குழந்தை குரலை எடு என்றதும் எடுத்துவிட்டது. அதற்கு யார்மீதும் கோபமில்லை. எங்கள் குழுவிலேயே விதியை ஒழுங்காக மதித்தது அது ஒன்றுதான்.

பல் டாக்டருக்குப் போன் செய்தேன். பின்னால் பல் துளைக்கும் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"டாக்டர், அது என் மனைவி இல்லை."

"அப்ப யாரு?"

"தெரியாது. என் பொண்ணுக்குப் பேச்சு போயிடுச்சு. நீங்க எழுதினதெல்லாம் அப்படியே நடக்குது. கடைசியா ஒரு குறை எழுதுங்க. அந்தக் குரல் வேண்டாம்னு எழுதுங்க."

மிஷின் நின்றது. அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

"உங்க பாட்டை என் காரில் போட்டேன் மாவு," என்றார் கம்மிய குரலில். "நிறுத்தின பிறகும் மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு. யார்கிட்டயும் சொல்லல. இப்பவே எழுதறேன்."

எழுதினார். அவரும் நானும் ஒவ்வொரு சொல்லையும் படித்துப் படித்துப் பார்த்தோம். தப்பாக எதுவும் படவில்லை.

'குறை: அந்தப் பெண் குரல் வேண்டாம். இனிமேல் குழந்தை குரலிலேயே பாடட்டும்.'

மறுநாள் காலை குளியலறையிலிருந்து சாருகேசி கேட்டது. நானும் மனைவியும் கட்டிலிலிருந்து விழுந்தடித்துக்கொண்டு ஓடினோம். சிட்டு வாயெல்லாம் நுரையோடு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். மச்சான்கூட அழுதுவிட்டார். பல் டாக்டருக்கு அந்த நிமிஷமே போன் செய்து சொன்னேன். குழுவிலிருந்து என் பாட்டுகள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு வெளியே வந்தேன்.

சாமான்களை எடுக்க அந்த வீட்டுக்கு நான் மட்டும் போனேன். மைக், கம்பி, நாற்காலி எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்த பிறகு அந்த அறை நாங்கள் முதலில் பார்த்தது போலவே வெறுமையாக இருந்தது. ஈர வாடையைக் காணோம். பழக்கதோஷம், கை தட்டினேன்.

கணீரென்று எதிரொலித்தது.

அப்பாடா, பீடை ஒழிந்தது என்றுதான் நினைத்தேன். எங்கே போயிருக்கும் என்று யோசிக்கத் தோன்றவில்லை.

புது வீடு மூன்றாம் மாடியில். கூடம் பெரியது. ஜன்னல் வழியாக வெயில் தரையெல்லாம் கொட்டிக் கிடந்தது. சாமான் வண்டி இன்னும் வரவில்லை. சிட்டு கூடத்துக்கு நடுவில் சுற்றிச் சுற்றி ஆடினாள்.

"சிட்டு, நம்ம மழைப் பாட்டைப் பாடுடா," என்றாள் மனைவி. திரும்பி வந்த மகளின் குரலை எவ்வளவு கேட்டும் அவளுக்கு ஆசை தீரவில்லை.

சிட்டு நிமிர்ந்து நின்று பாடினாள். பல்லவி முடிந்து சரணம் வந்தது. இவ்வளவு சுத்தமாக அவள் பாடி நான் கேட்டதில்லை. மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேல் சட்ஜத்துக்கு முன்னால் சிட்டு நின்றாள். மெதுவாக, ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டாள். பிறகு சட்ஜத்தைப் பிடித்தாள், துளி பிசகாமல்.

அவளுக்கு நான் அதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. குழுவில் யார் என்ன எழுதினார்கள் என்று அவளிடம் படித்துக் காட்டியதும் இல்லை.

பாட்டு முடிந்தது. சந்தோஷத்தில் மனைவி கை தட்டினாள். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் தட்டினேன்.

அந்த வெறும் கூடத்தில் எங்கள் கைத்தட்டல் எழும்பவே இல்லை. தட்டிய இடத்திலேயே யாரோ விழுங்கிக்கொண்டது போல அடங்கியது.

மனைவி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

சிட்டு வெயிலைத் தாண்டி என்னிடம் வந்தாள். என் சட்டையைப் பிடித்துக் குனியச் சொன்னாள். குனிந்தேன். என் காதருகே வாயை வைத்து, என் மகளின் குரலில் கேட்டாள்:

"அப்பா... இப்ப கிட்ட வந்துட்டேனா?"