அத்தையின் வெள்ளை நூல்

பொறாமை என்ற ஒன்று இல்லாமலே பிறந்த ஒரே மனிதன் நான். பெருமைக்காகச் சொல்லவில்லை. சிலர் ஆறு விரலோடு பிறக்கிறார்கள், நான் இப்படிப் பிறந்துவிட்டேன். ஆதாரம் வேண்டுமென்றால், பெரியப்பாவின் உயிலை வக்கீல் வாசித்த அன்று என் முகத்தைப் பார்த்தவர்களைக் கேளுங்கள். சலவைக் கடை, கடைக்கு மேலே இருக்கும் வீடு, இரண்டும் என் சித்தப்பா மகனுக்கு என்று அவர் வாசித்தார். நான் புன்னகைத்தேன். அவர் வாசித்து முடித்து, காகிதத்தை மடித்து, மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்த பிறகும் புன்னகைத்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார்.

சித்தப்பா மகனை நாங்கள் கஞ்சி என்று கூப்பிடுவோம். சட்டையை விறைப்பாக்கப் போடுவோமே, அந்தக் கஞ்சி. தூங்கும்போதுகூட மடிப்புக் கலையாமல் தூங்குவான். சலவைக் கடைக்கும் அவனுக்கும் இருந்த ஒரே தொடர்பு அந்தப் பட்டப்பெயர்தான். ஒவ்வொரு விடுமுறைக்கும் அந்தக் கடையின் ஆவியில் வெந்தவன் நான். பெரியப்பா ஒருமுறை, என் தோளில் கையைப் போட்டு, "எனக்கப்புறம் இதெல்லாம் யாருடா பார்க்கப்போறா, நீதானே" என்று சொன்னார். அதற்குச் சாட்சி யாரும் இல்லை. இருந்த ஒரு சாட்சியும், அதாவது அத்தையும், போன வருஷம் போய்விட்டாள்.

உயிலில் இன்னொரு வரி இருந்தது. வீட்டுச் சாமான்களை மட்டும் குடும்பத்தார் தங்களுக்குள் பேசிப் பிரித்துக்கொள்ள வேண்டும். பெரியப்பா எந்தக் குடும்பத்தை மனத்தில் வைத்து இதை எழுதினாரோ தெரியவில்லை.

ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான், அம்மா, சித்தப்பா, கஞ்சி, நாலு பேரும் அங்கே போனோம். வானம் ஊறவைத்த துணி மாதிரி கனத்துத் தொங்கியது. சாவி கஞ்சியிடம் இருந்தது. அதை விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டே வந்தான். முதலாளியாக முதல் நாள் என்று புதுச்சட்டை போட்டிருந்தான். அன்று காலையில்தான் கடையில் வாங்கி, பிரித்துப் போட்டது. அதை நான் ஏன் கவனித்தேன் என்று கேட்காதீர்கள். நான் எல்லாவற்றையும் கவனிப்பவன்.

ஷட்டரைத் தூக்கியதும் வாசனை வந்து மோதியது. ஈரத்துணி, சொட்டுநீலம், கொஞ்சம் கருகிய இஸ்திரி.

கடை மூடி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. மூடிக் கிடந்த கடையில் ஈரத்துணி வாசனை வரக் கூடாது. அப்போது எனக்கு அது தோன்றவில்லை.

இங்கே எங்கள் குடும்பத்தின் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சலவைக்கு வரும் உடைகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் இருக்க, காலருக்கு உள்ளே நூலால் ஒரு சின்னக் குறி போடுவார்கள். ஆளுக்கொரு குறி. தாத்தா இந்தப் பழக்கத்தை வீட்டுக்குள்ளும் கொண்டுவந்துவிட்டார். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு நிறம். பெரியப்பாவுக்குச் சிவப்பு, அப்பாவுக்கு நீலம், சித்தப்பாவுக்குப் பச்சை. போர்வை, குடை, வாளிப்பிடி, எதுவானாலும் நூல் கட்டியிருந்தால் அது அவருடையது. மேல்முறையீடு கிடையாது. அப்பா இறந்த பிறகு நீலம் அம்மாவுக்கும் எனக்கும் வந்தது.

அத்தையின் முறை வந்தபோது நூல் பெட்டியில் வெள்ளைதான் மிச்சமிருந்ததாம். சலவைத் தொழிலில் யாரும் வெள்ளை நூலால் குறி போட மாட்டார்கள். வெள்ளைத் துணியில் அது கண்ணுக்கே தெரியாது. "அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்களாம். அந்த அப்புறம் வரவே இல்லை. தாத்தாவின் உயிலிலும் வரவில்லை. கடை மூத்தவருக்கு, பணம் மற்ற இரண்டு மகன்களுக்கு. மகளை மறந்துவிட்டார் என்றுதான் இன்றும் வீட்டில் சொல்வார்கள். வெயில் வந்ததும் குடையை மறந்த மாதிரி.

அத்தை கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கடையின் பின்னறையில், ஒரு மெத்தை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து, ஊரார் காலருக்கெல்லாம் குறி போட்டாள். கத்தரி எதிரிலேயே இருக்கும், தொட மாட்டாள். நூலைப் பல்லால் கடிப்பாள். டக். கடைசிக் காலத்தில் கண் மங்கியதும் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான்தான். அதே நாற்காலியில்தான் போனாள். கண்டுபிடித்தபோது பற்களுக்கு நடுவே நூல் இருந்தது.

மாடியில் சாமான்களை எல்லாம் வெள்ளை விரிப்புகளால் மூடியிருந்தார்கள். அம்மாவும் சித்தப்பாவும் விரிப்புகளை உருவிப் போட்டுவிட்டு, ஆளுக்கொரு நூல்கண்டோடு வேட்டையில் இறங்கினார்கள்.

"அண்ணி, அந்த பீரோல ஏற்கனவே பச்சை கட்டியிருக்கு."

"பார்த்தேன் தம்பி. பக்கத்துல கொஞ்சம் இடம் இருந்துது, நீலத்தையும் கட்டினேன்."

"இடம் இருந்தா கட்டிடறதா? இது என்ன பஸ் சீட்டா?"

"பஸ் சீட்டுன்னா நீங்க படுத்தே போயிருப்பீங்களே."

கஞ்சி ஜன்னலோரம் நின்று, பெருந்தன்மையாக, "எடுத்துக்குங்க, எடுத்துக்குங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தான். வீடே கிடைத்தவனுக்கு ஸ்டூலில் பெருந்தன்மை வரத்தான் செய்யும். இதையும் நான் பொறாமையில் சொல்லவில்லை.

"அந்த மூலையில ஒரு கொசு உட்கார்ந்திருக்கு, யாரும் கட்டல" என்றேன். "பிடிச்சுத் தரவா?"

"நீ கட்டலையாடா?" என்றார் சித்தப்பா.

"செத்துப்போனவங்க சாமானுக்கு நூல் கட்டற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகல சித்தப்பா."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல" என்றாள் அம்மா கட்டிலுக்கு அடியிலிருந்து. கட்டில் காலில் நூல் கட்டக் குனிந்திருந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை.

"அம்மா?"

"இங்க வாயேன்." குரல் இறங்கியிருந்தது. "யாரோ முன்னாடியே கட்டியிருக்காங்க."

கட்டில் காலில் ஒரு முடிச்சு. தூசியும் பழுப்பும் ஏறியிருந்தது. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த நூல்.

சித்தப்பா பீரோவிடம் போனார். அவருடைய பச்சைக்குக் கீழே, விரலால் தடவினால் மட்டுமே தெரிகிற மாதிரி, இன்னொன்று. கண்ணாடியின் பின்புறம். கடிகாரத்தின் கொக்கியில். ஜன்னல் கம்பியில். ஸ்டூலுக்கு அடியில்.

எல்லாவற்றிலும் இருந்தது.

நாங்கள் சாப்பிட்ட மேசையில், படுத்த கட்டிலில், அளந்து பார்த்துச் சண்டை போட்ட ஒவ்வொன்றிலும் வருஷக்கணக்காக அத்தையின் பெயர் இருந்திருக்கிறது. வெள்ளை என்பதால் யாரும் பார்க்கவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது.

"பைத்தியக்காரி" என்றார் சித்தப்பா. தொண்டையைச் செருமிக்கொண்டு சத்தமாக மறுபடியும் சொன்னார். "உயில்லயே பேர் இல்லாதவ போட்ட முடிச்சு எப்படிச் செல்லும்? எல்லாத்தையும் வெட்டி எறிங்க. டேய், கீழ கத்தரி இருக்கும், எடுத்துட்டு வா."

நான் இறங்கினேன்.

கீழே மின்விளக்கு எரியவில்லை. ஷட்டர் வழியாக வந்த மழை வெளிச்சம் பாதிக் கடையோடு நின்றுவிட்டது. பின்னறைக்குப் போகும் வழியில் நீளமாக ஒரு கம்பி. யாரும் திரும்ப வந்து கேட்காத உடைகள் அதில் தொங்கும். கோட்டு, சேலை, ஒரு சின்னப் பிள்ளையின் சீருடை. நான் தோளை ஒடுக்கிக்கொண்டு நடந்தேன். எனக்குப் பின்னால் ஹேங்கர்கள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. நான் எதையும் தொடவில்லை.

கத்தரி மேசை மேல் அதன் இடத்திலேயே இருந்தது. எடுத்தேன். அப்போதுதான் நாற்காலியைப் பார்த்தேன்.

மெத்தை அழுந்தியிருந்தது.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மெல்ல, மூச்சு விடுவது போல, மேலே எழும்பியது. அதுவரை உட்கார்ந்திருந்த யாரோ எழுந்துகொண்ட மாதிரி.

மாடிக்கு எப்படி வந்தேன் என்று தெரியாது. வந்ததும் சிரித்தேன். கத்தரியைச் சித்தப்பாவிடம் கொடுத்தேன்.

"ஏன்டா இளைக்குது?"

"உடற்பயிற்சி."

சித்தப்பா கட்டில் காலிலிருந்த முடிச்சை வெட்டினார்.

கீழே, தூரத்தில், டக்.

"மழைதான்" என்றாள் அம்மா. யாரும் அவளைக் கேட்கவில்லை.

பீரோவிலிருந்த முடிச்சை வெட்டினார்.

டக். இப்போது படிக்கட்டில்.

"தம்பி, போதும்" என்று அம்மா கிசுகிசுத்தாள். "வேண்டாம். விட்டுடுங்க."

"ஒரு நூலுக்குப் பயந்துக்கிட்டு..." சித்தப்பாவின் கை கண்ணாடிப் பக்கம் போனது. பச்சைக்காக எதையும் செய்யும் கை அது. வெட்டினார்.

சத்தம் வரவில்லை.

ஈரத்துணி வாசனை மட்டும் வாசல் வழியாக உள்ளே வந்தது. எங்களைக் கடந்து போனது. ஜன்னலோரம் போய் நின்றது.

டக்.

கஞ்சி அசையாமல் நின்றான். வழக்கமான விறைப்பு இல்லை இது.

"அண்ணா," என்றான். உதடு மட்டும் அசைந்தது. "கழுத்துக்குப் பின்னாடி ஏதோ குத்துது. கொஞ்சம் பாரேன்."

போய்ப் பார்த்தேன். காலரை மெதுவாகத் திருப்பினேன்.

உள்பக்கம் மூன்று தையல். நேர்த்தியாக, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக. பழுப்பில்லை, தூசியில்லை. பளீரென்ற வெள்ளை. அன்று காலையில் வாங்கிய சட்டை, எந்தச் சலவைக் கடையையும் பார்க்காத சட்டை. மூன்றாவது தையல் துணியோடு நிற்காமல் அவன் தோலையும் சேர்த்துப் பிடித்திருந்தது. அந்த இடத்தில் கடுகளவு ரத்தம். நூலின் நுனி ஈரமாக இருந்தது.

"என்னண்ணா? சொல்லேன்."

என் கை தானாகப் பின்னால் போய் என் காலரைத் தடவியது. பயத்தில்தான். உள்ளே விரலை விட்டு, தையல் தையலாகத் தேடினேன்.

ஒன்றும் இல்லை.

ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தது நான். அத்தைகூட அவனுக்குத்தான் போட்டிருந்தாள்.

சித்தப்பாவிடமிருந்து கத்தரியை வாங்கி நூலை நான்தான் வெட்டினேன். அவன் கத்தினான். அடுத்தது நடந்ததற்கு வரிசை கிடையாது. நாலு பேரும் ஒரே நேரத்தில் படியில் இறங்கப் பார்த்தோம். அம்மா செருப்பையும், நான் கத்தரியையும் மாடியிலேயே விட்டுவிட்டோம். தெருவுக்கு வந்து மழையில் நின்ற பிறகுதான் மூச்சு வந்தது.

கஞ்சி கைக்குட்டையைக் கழுத்தில் அழுத்திக்கொண்டு சாவியை என் கையில் திணித்தான். "எனக்குக் கடையும் வேண்டாம், வீடும் வேண்டாம். நீயே வச்சுக்கண்ணா."

"வாயை மூடுடா" என்றார் சித்தப்பா எதிர் நடைபாதையிலிருந்து. "எழுதினது எழுதினதுதான்." ஆனாலும் அவர் தெருவைக் கடந்து வரவில்லை.

"ஷட்டரை யாராவது மூடணுமே" என்றாள் அம்மா.

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் முன்னமே நடக்க ஆரம்பித்திருந்தேன்.

ஷட்டரை வெளியிலிருந்தே இழுத்துப் பூட்டிவிடலாம். நான் உள்ளே போனேன். உடைகளுக்கு நடுவே நடந்து பின்னறைக்குப் போனேன். இருட்டில் கையால் தடவிப் பார்த்தேன். மேசைக் காலில் முடிச்சு இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் பிடியில் இருந்தது. உடைகள் தொங்கும் கம்பியின் இந்த முனையில் இருந்தது, அந்த முனையிலும் இருந்தது.

நாற்காலியில் இல்லை.

நான்கு கால்களையும் தடவினேன், கைப்பிடியைத் தடவினேன், மெத்தைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். வீடு முழுக்கக் கட்டியவள் தன் நாற்காலிக்கு மட்டும் கட்டியிருக்கவில்லை.

என் சட்டைப் பையில் ஒரு நூல்கண்டு இருந்தது. நீலம். காலையிலிருந்தே இருந்தது.

மண்டியிட்டேன். வெளியே அம்மா என்னைக் கூப்பிடுவது மழைக்குள் சின்னதாகக் கேட்டது. நூலை நாற்காலிக் காலில் இரண்டு சுற்று சுற்றி, இழுத்து, இறுக்கி முடிச்சுப் போட்டேன். மிச்ச நூல் கண்டோடு சேர்ந்து நீளமாகத் தொங்கியது. கத்தரி மாடியில் கிடந்தது.

நூலைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

என் காதுக்கு மிக அருகில், டக்.

கண்டு என் கையோடு வந்தது. நூலின் நுனியைத் தொட்டேன்.

ஈரமாக இருந்தது.