பதில் வேளை

செங்கதிர் வெளியே வந்தால்தான் நித்திலா வீட்டுக்குள் போக முடியும். கொஞ்ச நாளாக அப்படித்தான். கதவு ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் ஏற்றுக்கொள்கிறது. அவன் ஈரத் தலையோடு நடைவழிக்கு வந்தபோது, அவள் ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றிருந்தாள்.

"ரசம் அடுப்புல இருக்குது. சூடு பண்ணிக்க."

"நீங்க சாப்பிட்டாச்சுங்களா?"

"ஆச்சு. மன்றத்துக்கு நேரமாயிரும், மறந்துராதே."

"மறக்கற மாதிரியா விட்டாங்க?"

ரத்தமில்லாச் சட்டம் வந்தபின் கோவையில் யாரும் யாரையும் அடிப்பதில்லை. சுவர் தாண்டிக் கேட்கும் சண்டையைக் கூரையிலுள்ள செவிமணி பிடித்து, ஆட்டச் சீட்டாக மாற்றி, மன்றத்துக்கு அனுப்பிவிடும். அங்கே அதை முறைப்படி ஆடித் தீர்த்துக்கொள்ள வேண்டும். நாகரிகத்தின் உச்சம் இது என்று, சட்டத்தை இயற்றியவர்கள் ஒருவருக்கொருவர் சால்வை போர்த்திக்கொண்டார்கள்.

தூத்துக்குடிக் கடலடி நிலையத்துக்கு மாற்றலாகிப் போக, மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செங்கதிர் ஒப்புக்கொண்டிருந்தான். "அப்ப நான் எதுக்கு இங்க?" என்று நித்திலா கத்தினாள். செவிமணி அதைப் 'பிரிவு' என்னும் தாக்குதல் சீட்டாகப் பதிந்தது. அவள் பிரிவை நினைக்கவே இல்லை என்பது பதிவுக்குத் தேவைப்படாத தகவல்.

சில சீட்டுகள் தாக்குதல் பலித்த பிறகுதான் வேலை செய்யும். பிரிவுச் சீட்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதன் முதல் ஆற்றல் பதிவான கணமே இறங்கிவிடும்; கதவு மாறியது அப்படித்தான். இரண்டாவது ஆற்றல் திருமணத்தையே ரத்து செய்வது. அதற்கு மட்டும் மன்றத்தில் 'பதில் வேளை' மூடும்வரை காத்திருக்கும். அந்த வேளைக்குள் இருவரில் ஒருவர் 'தணிப்பு' சீட்டைப் போட்டால் தாக்குதல் செத்துப்போகும். ஆளுக்கு ஆயுளில் ஒரே தணிப்பு.

மன்றத்துக்குப் போகுமுன் யாரும் பயிற்சிக்குப் போகாமல் இருப்பதில்லை. சாய்பாபா காலனியில் ஆல்வின் மாஸ்டர் என்பவரிடம் நித்திலா மாலை வகுப்புக்குப் போனாள்.

"தணிப்பை முந்திப் போட்டவங்க அடுத்த சண்டைக்கு வெறுங்கையோட போவாங்க, மேடம்," என்றார் அவர். "ஒரே சண்டையோட நின்ன கல்யாணம் எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? எதிராளி போடட்டும்னு விடுங்க."

அவள் தலையாட்டினாள்.

மன்றத்தில் நடுவர் முனைவர் இளங்குமணன் அமர்வதற்கு முன் அவருடைய பட்டங்களை ஒலிபெருக்கி வாசித்தது. பாதியில் இருமல் வந்தும் அவர் அடக்கிக்கொண்டார். வாசிப்பு தடைபட்டால் முதலிலிருந்து தொடங்குவார்கள். நித்திலா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். எதிரே செங்கதிர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான்.

"பிரிவுத் தாக்குதல் நிற்கிறது. பதில் வேளை திறந்தது. தாக்கியவர் முதலில்."

தணிப்பு அவள் உள்ளங்கையில் ஈரமாக ஒட்டியிருந்தது. போட்டுவிடலாம். நாளைக்கு இதேபோல் இன்னொன்றைக் கேட்காமல் செய்துவிட்டு வந்தால்? தப்பு அவர் மேல்தானே, அவரே போடட்டும்.

"விட்டேன்," என்றாள், சீட்டைப் போடாமல்.

நடுவர் செங்கதிர் பக்கம் திரும்பினார். அவன் விரல் சீட்டின் மேல் போய், திரும்பி வந்தது. தான் விட்டால் முறை அவளிடம் போகும். அவள் பயந்துபோய்ப் போட்டுவிடுவாள்.

"விட்டேன்."

மணி அடித்தது.

"இருங்க, என்ற முறை வரலையே?" என்று நித்திலா எழுந்தாள்.

"அடுத்தடுத்து ரெண்டு பேரும் விட்டா வேளை மூடிரும், அம்மா. நடுவுல யாராவது சீட்டுப் போட்டிருந்தாத்தான் முறை திரும்பும். பாலபாடம் இது."

செங்கதிர் தணிப்பை மேசைமேல் அறைந்தான். "ஐயா, இந்தாங்க! இருக்குதுங்க என்கிட்ட!"

நடுவர் சீட்டை ரசித்துப் பார்த்தார். "அருமை. ஆனா எதுக்குப் பதில்? தாக்குதல்தான் பலிச்சு முடிஞ்சுதே."

நித்திலா தன் சீட்டை அதன் பக்கத்தில் வைத்தாள். செங்கதிர் இரண்டையும் பார்த்தான்.

"நீ போடுவேன்னு இருந்தேன்."

"நானும் அதேதானுங்க."

"எதிராளி போடட்டும்னு மாஸ்டர் சொன்னாரு..."

"எந்த மாஸ்டரு?"

"ஆல்வின். காலை வகுப்பு."

நித்திலா சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மறுபடி கட்டிக்கறமுங்க, ஐயா," என்றான் செங்கதிர். "இன்னைக்கே. இங்கயே."

"பிரிவு பலிச்ச ஜோடிக்கு அது கிடையாது, தம்பி. சண்டை போட்டவங்களை மறுபடி ஒண்ணா அடைச்சு வைக்கறதுக்கா சட்டம் கொண்டுவந்தோம்?" நடுவர் அங்கியை நீவிக்கொண்டு இறங்கி வந்தார். "மனசு தளராதீங்க. ஒரு கீறல் இல்லாம, ஒரு கெட்ட வார்த்தை இல்லாம முடிஞ்ச ஆட்டம். ஆண்டு மலருக்கு ஒரு படம் எடுத்துக்குவோம்."

இருவருக்கும் நடுவில் நின்று, படக்கருவியைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு திருப்தியில்லாமல் இருபுறமும் பார்த்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. பார்த்தா இன்னும் புருஷன் பொண்டாட்டி மாதிரியே இருக்குது."

நித்திலா ஓரடி நகர்ந்தாள். அதே கணத்தில் செங்கதிரும் நகர்ந்தான். அன்று அவர்கள் இருவருக்கும் வேளை பிசகாமல் அமைந்தது அது ஒன்றுதான்.