காட்சி போதவில்லை

எச்சரிக்கை வரவில்லை. மேகலாவுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

தங்கை அனுசுயாவின் கல்யாண வீடியோவிலிருந்த கிளிப்புகளையெல்லாம் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரு காட்சி கரைய அடுத்த காட்சி எழும்படியான டிரான்சிஷனை ஒரே அமுக்கில் எல்லா இணைப்பிலும் போட்டிருந்தாள். அதற்கு ஒவ்வொரு கிளிப்பின் முனையிலும் கொஞ்சம் உபரிக் காட்சி வேண்டும். இல்லாவிட்டால், ‘காட்சி போதவில்லை, கடைசிப் படமே திரும்பத் திரும்ப வரும்’ என்று சாஃப்ட்வேர் மூஞ்சியில் அடித்தாற்போல் சொல்லிவிடும். மேகலாவின் கிளிப்பில் உபரி ஏது? தாளிக்கிற எண்ணெயைக்கூட அளந்து ஊற்றுகிறவள் அவள். ‘சிரி’ என்பாள், சிரித்ததும் கேமராவை ஓட விடுவாள், சிரிப்பு வாடுமுன் நிறுத்தி மூடியும் போட்டுவிடுவாள். அரியலூரில் அவள் எடுத்த வீடியோவில் எந்தக் கல்யாணப் பெண்ணும் அழுததில்லை.

வெளியே வெயிலில் சிமெண்ட் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது மாடி ஸ்டுடியோவின் கண்ணாடிக் கதவு பல் தந்தியடிப்பதுபோல் நடுங்கியது. கதவிடுக்கில் வந்த சுண்ணாம்புத் தூசியோடு, எங்கிருந்தோ வாடிய சம்பங்கி மாலையின் வாசனையும் வந்தது. இங்கே மாலை எதுவும் இல்லையே என்று நினைத்துக்கொண்டே வீடியோவை ஓடவிட்டாள்.

மாலை மாற்றுகிறார்கள். அனுசுயா சிரிக்கிறாள். காட்சி கரைகிறது. கரைகிற அந்த ஒரு நொடியில் மாப்பிள்ளை மணிமாறனின் கை அவள் முழங்கைக்கு மேலே சதையைக் கிள்ளித் திருகியது.

மேகலா பின்னால் தள்ளிப் பார்த்தாள். அதே கை. அதே திருகல். அந்த நேரத்தில் கேமராவில் மூடி போட்டிருந்தாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அடுத்த இணைப்பு. பால் பழம். நகம் இறங்கிய இடத்தில் ஒரு பொட்டு ரத்தம். மாமியார் தட்டை நகர்த்தி அதை மறைத்தாள்.

அதற்கடுத்தது. அனுசுயா நேராகப் பார்த்தாள். டிரான்சிஷனில் சத்தம் இல்லை. வாய் மட்டும் அசைந்தது. ‘அக்கா.’

அன்றைக்கும் கூப்பிட்டாள். “அக்கா, ஒரு நிமிசம் வாயேன்.” “அப்பறம் பேசலாம்டி, வெளிச்சம் போவுது. சிரி.” ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். இந்த வரனைப் பிடித்து வந்த மேகலா சொன்னது ஒரே ஒரு பொய்தான்: “பையன் கோவக்காரன்லாம் இல்லடி.”

கடைசி கிளிப்பில் கார் மாப்பிள்ளையின் ஊரான அரும்பாவூருக்குக் கிளம்பியது. அதன் முனையிலிருந்த டிரான்சிஷனை மவுசால் பிடித்து இழுத்தாள். நீண்டது. நீளக் கூடாது. நீண்டது. காருக்குள் குனிந்த தலை. அடுப்படி. தாழ்ப்பாள் போட்ட கதவு. கையில் கன்றிப் பச்சையாய் ஒரு தடம், மஞ்சளாய் ஒரு தடம். இன்னும் இழுத்தாள். உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது.

அனுசுயா சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள்.

மேகலா போனை எடுத்துத் தங்கைக்கு அடித்தாள்.

திரையில், அனுசுயாவின் மடியில் போன் ஒளிர்ந்தது.

“அக்கா.” காதில் குரல். திரையில் உதடு.

“எப்புடிடி இருக்க?”

திரையில் அனுசுயாவுக்குப் பக்கத்தில் மணிமாறன் வந்து நின்றான். அவள் முந்தானையை எடுத்தான். கழுத்தைச் சுற்றி ஒரு சுற்று. அவன் வாயும் அசைந்தது. அந்தச் சொல் மேகலாவுக்குத் தெரியாதா? வாழ்நாளெல்லாம் அவள் சொன்ன சொல்.

சிரி.

அனுசுயா சிரித்தாள். “நல்லா இருக்கேன்க்கா.”

“அனு, ஓடுடி! வெளிய ஓடு! நான் வரேன்...”

இன்னொரு சுற்று.

மேகலா மவுஸிலிருந்து கையை எடுத்தாள். டிரான்சிஷன் நிற்கவில்லை. தானாக நீண்டது. அழிக்கிற பொத்தானை அமுக்கினாள். மறுபடி அமுக்கினாள். நீண்டது. முந்தானை இறுகியது. வளையல் சுவரில் இடித்தது. காதிலும் இடித்தது.

நின்றது.

திரையின் நடுவில் ஒரு சின்னப் பெட்டி திறந்தது. காலையிலிருந்து வராத எச்சரிக்கை.

‘காட்சி போதவில்லை. கடைசிப் படமே திரும்பத் திரும்ப வரும்.’

கீழே ‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான்.

அதற்குப் பின்னால் அனுசுயா, கண் மூடாமல், சிரித்தபடி இருந்தாள். அசையவில்லை. காதில் அதே குரல், அதே மூச்சு, அதே இடத்தில் வளையல் இடிக்கிற அதே சத்தம்.

“நல்லா இருக்கேன்க்கா.”

“நல்லா இருக்கேன்க்கா.”

“நல்லா இருக்கேன்க்கா.”