தூசி மேல் ஒரு எஃப்.ஐ.ஆர்.

செல்போன் அலறியது!

கடலூர் ஸ்டேஷனில் எஸ்.ஐ. அன்புமணி எடுத்தான்.

"சிதம்பரத்துலேருந்து டாக்டர் ஜான்சி பேசறேன். உங்க அக்காவோட பயாப்ஸி ரிசல்ட் வந்துடுச்சு... டி.பி. இல்ல. உடனே வாங்க!"

டி.பி. இல்லையா? அப்படியானால் ஏழு மாதமாக அக்கா இருசம்மாள் விழுங்கிய மாத்திரையெல்லாம்...?

பைக்கை விரட்டினான்.

வார்டில் அக்கா மூச்சுக்கு அல்லாடிக்கொண்டிருந்தாள். விலாவில் நீர் இறக்கும் டியூப். கால்மாட்டில் அவள் புருஷன் சின்னையன்... தேவனாம்பட்டினத்தில் கூரை போடும் மேஸ்திரி.

"மீசோதீலியோமா," என்றாள் ஜான்சி. "நுரையீரலைச் சுத்தியிருக்கற உறையில வர்ற கேன்சர். லட்சத்துல ஒருத்தருக்கு வந்தாலே ஜாஸ்தி."

"எங்கக்கா ஊதுபத்திப் புகைக்கே இருமுவா, டாக்டர்! யார் செஞ்ச வேலை இது? சொல்லுங்க... உள்ள தூக்கிப் போடறேன்!"

"ஆஸ்பெஸ்டாஸ் தூசி. உள்ள போனா இருபது, முப்பது வருஷம் பதுங்கியிருந்து அடிக்கும்."

அன்புமணி விருட்டென்று திரும்பினான்.

"மாமா! சுனாமிக்கப்புறம் வீடு வீடா ஷீட் அறுத்தது நீங்கதானே?"

"ஆமா மச்சான்... மூணு வருசம். ஆனா எனக்குல்ல வந்திருக்கணும்! டி.பி. ஒட்டியிருக்குமோன்னு என்னையும் படம் புடிச்சாங்க. நெஞ்சு சுத்தமா இருக்காம்! உங்கக்கா வேலை நடக்கற பக்கமே வந்ததில்ல!"

போலீஸ் மூளை திணறியது.

ஜான்சி மெதுவாகக் கேட்டாள். "அவர் வேலைக்குப் போட்டுட்டுப் போன சட்டைய யார் துவைச்சது?"

சின்னையன் கட்டில் பக்கம் திரும்பினார்.

"நாந்தான்..." கட்டிலிலிருந்து குரல் வந்தது. "மாவு மாதிரி அப்பிக்கெடக்கும். தண்ணி கலங்குதேன்னு... ரெண்டு கையாலயும் நல்லா உதறிட்டுத்தான் ஊற வெப்பேன்."

தினமும்! மூன்று வருடம்!

"ஆபரேஷன்...?" என்றான் அன்புமணி.

"பரவிடுச்சு. கீமோ குடுக்கலாம். கொஞ்ச நாள் தள்ளிப் போடலாம்... அவ்ளோதான்."

பதினோரு கொலைகாரர்களுக்கு விலங்கு மாட்டியவன். இப்போது யாருக்கு மாட்டுவது என்று தெரியாமல், சின்னப் பிள்ளை போல் அழுதான்.

சின்னையன் இரண்டு கைகளையும் அவனிடம் நீட்டினார்.

"என்னப் புடிச்சிட்டுப் போ மச்சான்... அந்தத் தூசிய வீட்டுக்குக் கொண்டாந்தவன் நாந்தான்!"

இருசம்மாள் கண்ணைத் திறந்தாள். நாலு மூச்சு வாங்கிவிட்டுப் பேசினாள்.

"கூட்டிட்டுப் போடா தம்பி! லாக்கப்புல இனிமே அவுரு சட்டைய அவுரே தொவைக்கட்டும்... உதறாம!"