மூன்று சிலிண்டர், நான்கு பலூன்

பள்ளி விட்டுப் பென்சில் வந்தபோது பட்டறையில் பம்பு சத்தம் நின்றிருந்தது. அம்மா இடுப்பில் கை வைத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி மூன்று.

பென்சில் என்பது பட்டப்பெயர். ஒல்லியாக, உயரமாக இருப்பாள். காதில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். அவளுடைய நாலு வயதுத் தம்பியை எல்லாரும் உருண்டை என்பார்கள். அவனைப் பார்த்த பிறகு யாரும் ஏன் என்று கேட்டதில்லை.

"உன் தம்பி பண்ணின வேலையைப் பாரு," என்றாள் அம்மா.

சுவரோரம் மூன்று சாம்பல் நிறச் சிலிண்டர்கள் நின்றன. ஒரே உயரம், ஒரே பருமன். ஹீலியம், நியான், ஆர்கான் என்று எழுதி அவற்றில் ஒட்டியிருந்த தாள்களைக் காணவில்லை. மூன்றும் உருண்டையின் பொம்மை லாரிமேல் ஒட்டியிருந்தன.

பென்சில் ஒரு தாளைக் காட்டினாள். "இது எந்தச் சிலிண்டர்ல இருந்துச்சுடா?"

மேசைக்கு அடியில் ஒளிந்திருந்த உருண்டை நன்றாக யோசித்து, நடுச் சிலிண்டரைக் காட்டினான்.

"அப்போ இது?"

அதற்கும் நடுச் சிலிண்டர்தான். மூன்றாவதற்கும் அதேதான்.

அம்மா விளக்குப் பலகை செய்கிறவள். கண்ணாடிக் குழாயைத் தீயில் காட்டி வளைத்து, உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து, வேறு வாயுவை அடைப்பாள். மின்சாரம் கொடுத்தால் குழாய் நிறத்தோடு ஒளிரும். பத்து வருடம் ஒரு பெரிய கம்பெனியில் இருந்துவிட்டு, போன மாதம்தான் சொந்தப் பட்டறை வைத்தாள். இதுதான் முதல் வேலை. புதிதாகத் திறக்கும் ஒரு புத்தகக் கடைக்கு, விரித்த புத்தக வடிவில் ஒரு சிவப்பு விளக்கு. கடைக்காரர் ஐந்தரைக்கு வருவார். ஆறு மணிக்குக் கடை திறப்பு.

"நியான் போட்டாதான் சிவப்பு," என்றாள் அம்மா. "ஆர்கான் போட்டா நீலம். அவர் கடைச் சுவரே நீலம். அதுல நீல விளக்கு மாட்டினா யார் கண்ணுக்குத் தெரியும்? ஹீலியம் போட்டா சோகை பிடிச்ச ரோஜா நிறம்."

"ஒவ்வொண்ணா போட்டுப் பாத்துடலாமே."

"தப்பாப் போட்டுட்டா மறுபடி குழாயைச் சூடு பண்ணி, எல்லாத்தையும் உறிஞ்சி எடுக்கணும். மூணு மணி நேரம் ஆகும். ஒரு தடவைதான் போட முடியும் பாப்பா. கேஸ் கம்பெனிக்குப் போன் பண்ணேன், இன்னைக்கு லீவாம்."

"சிலிண்டரைத் தூக்கிப் பாத்தா?"

"ஒண்ணு பாதி காலி, ஒண்ணு புதுசு. எடையை வச்சு என்ன சொல்றது?"

"மோந்து பாத்தா?"

"மூணுக்கும் வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. எரியாது. எதோடயும் ஒட்டாது, உறவாடாது."

பென்சில் சட்டென்று நிமிர்ந்தாள். இதே மாதிரி ஒரு வரியை இந்த வாரம் வகுப்பில் கேட்டிருந்தாள். பையைக் கவிழ்த்து அறிவியல் நோட்டை எடுத்தாள். அதன் பின் அட்டையில் தனிம வரிசை அட்டவணை அச்சிட்டிருந்தது.

அட்டவணையின் இடது ஓரத்தில் சோடியம், பொட்டாசியம். தண்ணீரைப் பார்த்தாலே சண்டைக்குப் போகிற கூட்டம். கீழே போகப் போகக் கோபம் அதிகம். வலது ஓரத்தில், கடைசி நெடுவரிசையில், ஹீலியம், அதற்குக் கீழே நியான், அதற்குக் கீழே ஆர்கான். யார் வம்புக்கும் போகாத குடும்பம்.

"குணம் மூணுக்கும் ஒண்ணுதான்மா. அதான் மோந்து பாத்தாத் தெரியல. ஆனா கீழ போகப் போக எடை ஏறுது. ஹீலியம் நாலு. நியான் இருபது. ஆர்கான் நாப்பது."

"சரி. கண்ணுக்குத் தெரியாத அணுவை எந்தத் தராசுல வைக்கப்போற?"

"காத்துலதான்," என்றாள் பென்சில். அவளுக்கு மூச்சு வாங்கியது. "காத்துல முக்கால்வாசிக்கு மேல நைட்ரஜன். அது பதினாலு. ஆனா ரெண்டு ரெண்டாக் கைகோத்துத் திரியும். அப்போ இருபத்தெட்டு. ஹீலியமும் நியானும் காத்தை விட லேசு. ஆர்கான் காத்தை விட கனம்."

அவள் மேசைக்கு அடியில் குனிந்தாள். "உருண்டை, உன்னை யாரும் திட்டப்போறதில்ல. எனக்கு உன் பலூன் பாக்கெட் வேணும். உன் தலையும் வேணும்."

"தலை எதுக்கு?" என்று கேட்டு, அவன் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லா பலூனும் ஒரே அளவா இருக்கணும்டா. உன் தொப்பிக்குள்ள எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவு. பெரிய பொறுப்பு."

பொறுப்பு என்றதும் உருண்டை வெளியே வந்து தொப்பியைக் கழற்றிக் கொடுத்தான்.

"நியான் என்ன விலைன்னு தெரியுமா? பலூன்ல அடைக்கச் சொல்றியே," என்று முணுமுணுத்தபடியே அம்மா ஜன்னல்களைத் திறந்துவிட்டாள். சிலிண்டர் வால்வை அவள் மட்டும்தான் தொடுவாள். மூன்று பலூன்கள் தொப்பி அளவுக்கு உப்பின. பென்சில் அவற்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினாள்.

ஒன்றாம் பலூனை விட்டாள். தரைக்குப் போனது.

இரண்டாவதை விட்டாள். அது ஒரு ஆட்டம் ஆடிவிட்டு விறுவிறுவென்று மேலே போய்க் கூரையில் முட்டி நின்றது. உருண்டை கை தட்டினான்.

"ஹீலியம்," என்றார்கள் அம்மாவும் மகளும் ஒரே குரலில்.

மூன்றாவதை விட்டாள். இதுவும் மேலே போக வேண்டும், அல்லது அந்தரத்தில் நிற்கவாவது வேண்டும். அது தரைக்குப் போனது.

பென்சிலுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒன்றும் விழுந்தது, மூன்றும் விழுந்தது. காற்றை விட லேசான நியான் எப்படி விழும்? மணி நாலே கால்.

"விடு பாப்பா," என்றாள் அம்மா. "பாதிக் கிணறு தாண்டியாச்சு. மீதிக்குக் காசு சுண்டிப் பாத்துடலாம்."

"கொஞ்சம் இரும்மா."

பாக்கெட்டில் மிச்சமிருந்த காலிப் பலூன் ஒன்றை அவள் விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். சுற்றச் சுற்ற அது விரலை இழுத்தது. சிறிய எடைதான். ஆனால் எடை.

"ரப்பர்," என்றாள் பென்சில். "ரப்பருக்கும் எடை இருக்கு. அது நியானைக் கீழ இழுக்குது. இதுல வெறும் காத்தை அடைச்சு அதோட பந்தயம் விடலாம். ஆர்கான் காத்தை முந்திக்கிட்டு விழும். நியான் பிந்தி விழும்."

பந்துக்குக் காற்றடிக்கும் பம்பை வைத்து நாலாவது பலூனையும் தொப்பி அளவுக்கு நிரப்பினார்கள். பென்சில் ஏணியில் ஏறினாள். அம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டாள். எது முதலில் தரை தொடுகிறது என்று பார்க்க உருண்டை குப்புறப் படுத்துத் தரையில் கன்னத்தை வைத்தான்.

"காத்தும் ஒண்ணாம் நம்பரும். போடறேன்."

"ஒண்ணாம் நம்பர் வந்துடுச்சு. காத்து இன்னும் வருது," என்றான் உருண்டை.

"இப்போ காத்தும் மூணாம் நம்பரும்."

காற்றுப் பலூன் தரையைத் தொட்டது. மூன்றாம் எண் பாதி வழியில் வேடிக்கை பார்த்துக்கொண்டே வந்தது.

"சோம்பேறி பலூன்," என்றான் உருண்டை.

அம்மா மறுபடி போடச் சொன்னாள். கை மாற்றிப் போடச் சொன்னாள். ஐந்து முறை போட்டும் சோம்பேறி சோம்பேறியாகவே இருந்தது. ஆறாவது முறை போடச் சொல்லவில்லை. மூன்றாவது சிலிண்டரின் குழாயை விளக்கோடு மாட்டினாள்.

வாயு உள்ளே போய், குழாயை மூடி, கம்பி இணைத்து முடிக்க ஐந்து இருபது ஆகிவிட்டது. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"நீயே போடு," என்று அம்மா சுவிட்சைக் காட்டினாள்.

பென்சிலின் விரல் சுவிட்ச் மேல் இருந்தது. நீலமாக எரிந்தால் அம்மாவின் முதல் வேலை போய்விடும். கணக்கு சரி, பந்தயம் சரி என்று தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டு அழுத்தினாள்.

குழாய் ஒரு கணம் துடித்தது. பிறகு புத்தகத்தின் ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கம் வரை சிவப்பு ஓடியது. மேசை, ஏணி, உருண்டையின் தலை எல்லாமே சிவந்தன.

வாசலில் நின்ற புத்தகக் கடைக்காரர் செருப்பைக் கழற்றவே மறந்துவிட்டார். "நான் திறக்கப்போற அடுத்த கடைக்கும் நீங்கதான் செய்யணும்," என்றார். "அதுக்கு வெள்ளை நிறம் வேணும்."

அவர் விளக்கை வண்டியில் ஏற்றிப் போனதும், அம்மா நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். "வெள்ளைக்குக் கிரிப்டான் வாங்கணும். இது எங்க இருக்கு பாரு, ஆர்கானுக்கு நேர் கீழ. அதைப் பலூன்ல அடைச்சா என்ன ஆகும்?"

பென்சில் விரலை ஒரு கட்டம் கீழே இறக்கினாள். எண்பத்து நான்கு.

"உருண்டையைத் தள்ளி நிக்கச் சொல்லணும்மா," என்றாள்.