கண்ணாடிக்குள் ஒரு மச்சினி

வீல்ல்ல்...

பொட்டிக் என்கிற அந்த ஆடம்பரத் துணிக்கடையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை கேட்டது அந்த அலறல்.

கடைக்குச் சொந்தக்காரனான டிசைனர் மனசுக்குள் பெருமூச்சு விட்டான். அப்பாடா... ஒருவழியாகப் பார்த்துவிட்டார்கள்!

முகத்தில் அதிர்ச்சியை வரவழைத்துக்கொண்டு ஓடினான்.

அலறியவள் வைர வியாபாரியின் மனைவி. கையில் சிவப்பு கவுன்.

"என் சைஸ்லயே இருக்கு!"

த்தூ... இதற்கா இந்த அலறல்?

கதவு திறந்திருந்த கண்ணாடி ஷோகேஸுக்குள், சோபாவில், டிசைனரின் மனைவியின் தங்கை சாய்ந்து கிடந்தாள். தந்த நிற கவுன். மூடிய கண்கள். தரையைத் தொடும் ஒரு கை. புது கலெக்‌ஷனுக்கான இந்தப் பார்ட்டியில் அவள்தான் 'தூங்கும் பொம்மை'. மூன்று மணி நேரம் அசையாமல் கிடக்க வேண்டும். விருந்தாளிகள் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்.

அவளுக்கு இந்நேரம் உயிர் இருக்க வாய்ப்பே இல்லை. மேக்கப் ரூமில் அவளுக்குக் கொடுத்த ஜூஸில் தூக்க மாத்திரைகளைப் பொடித்துப் போட்டதே அவன்தானே.

கடையில் தொங்கும் அத்தனை டிசைனும் அவள் வரைந்தவை. லேபிளில் மட்டும் அவன் பெயர்.

"பார்ட்டி முடியறப்ப மைக்கைப் பிடிச்சு எல்லாத்தையும் சொல்லிடுவேன் அத்தான்."

காலையில் சொல்லியிருந்தாள். சொன்னால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

திட்டம் சுலபமானது. பிணத்தை விருந்தாளிகளே கண்டுபிடிக்க வேண்டும். அப்போது அவன் எட்டத்தில், எல்லோர் கண்ணெதிரே நிற்க வேண்டும். 'தூக்கம் வரலைன்னு மாத்திரை போடுவா, பாவி...' என்று மாரில் அடித்துக்கொண்டு அழ வேண்டும்.

ஆனால் கண்டுபிடித்தால்தானே!

இதய டாக்டர் ஒருவர் அவள் தோளில் சாய்ந்து செல்ஃபி எடுத்தார்.

"மூச்சு விடறதே தெரியல பாருங்க. என்ன டிரெயினிங்!"

ஒருத்தி தின்றுமுடித்த தட்டை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள். இன்னொருவன் வாய் துடைத்த டிஷ்யூவை அவள் விரலிடுக்கில் செருகிப் படம் பிடித்தான்.

கொன்றவனுக்கே அருவருப்பாக இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

சர்வர் நீட்டிய ஜூஸை ஒரே மடக்கில் குடித்தான்.

டாக்டரின் மனைவி கவுன் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"இதையே பேக் பண்ணிடுங்க. உள்ள இருக்கறதை எடுத்துட்டு."

அவ்வளவுதான். பொறுமை போய்விட்டது.

"அடச்சீ, நீங்கள்லாம் மனுஷங்கதானா? அவ செத்துக் கிடக்கா. பொணத்து மேல எச்சித் தட்டை வெக்கறீங்களே!"

பாட்டு நின்றது.

சிறப்பு விருந்தினராக வந்திருந்த போலீஸ் துணை கமிஷனர் அம்மாள் மெல்ல முன்னால் வந்தார்.

"செத்துட்டாங்கன்னு எப்படித் தெரியும்? நீங்க கிட்டக்கூடப் போகலையே."

அதற்குள்...

பிணம் கண்ணைத் திறந்தது!

மடியிலிருந்த தட்டை எடுத்துக் கீழே வைத்தது.

"என்ன அத்தான் சொல்றீங்க?"

"நீ... ஜூஸ் குடிக்கல?"

வாய் முந்திக்கொண்டது. துணை கமிஷனரின் பார்வை அவன்மேல் நிலைத்தது.

"மூணு மணி நேரம் அசையக் கூடாதுன்னா பொம்மையா நடிக்கறவ தண்ணியக்கூடத் தொடமாட்டா. பாதியில பாத்ரூமுக்கு யார் எழுந்து போறது? என்கிட்ட இத்தனை டிசைன் திருடுனீங்க, இதைத் தெரிஞ்சுக்கலையே அத்தான்."

"அப்ப... அந்த கிளாஸ்?"

சர்வர் தலையைச் சொறிந்தான்.

"மேக்கப் ரூம்ல தொடாம இருந்துச்சு சார். இங்க ஜூஸ் தீந்துபோச்சு. அதான் உங்களுக்குக் குடுத்தேன்."

டிசைனர் தரையில் உட்கார்ந்து துணை கமிஷனரின் காலைப் பிடித்துக்கொண்டான்.

"மேடம்... அதுல மாத்திரை... நான்தான் போட்டேன்... ஆம்புலன்ஸ்..."

டாக்டர் அவசரமாகச் செல்போனை எடுத்தார். படம் பிடிக்க!

துணை கமிஷனர் அதைப் பிடுங்கி ஆம்புலன்ஸுக்குப் பேசினார். பிறகு டிசைனர் பக்கம் குனிந்தார்.

"முதல்ல ஆஸ்பத்திரி. அப்புறம் ஜெயில். ரெண்டு இடத்துலயும் டிரஸ் அவங்களே குடுத்துடுவாங்க... நீங்க யார்கிட்டயும் டிசைன் திருட வேண்டியதில்ல."